அடிவயிறு தெரியும் பறவைகள்

பக்கவாதம் வந்து என் வீட்டுக்காரருக்கு வலக்கையும் வலக்காலும் விழுந்தன, பேச்சும் போனது. இருபது வருஷம் கடலில் வலை போட்ட மனுஷன். ஒத்தாசைக்கு ஆள் வேண்டுமென்று கடலோரத்து வீட்டைப் பூட்டிவிட்டு, மடுகரையில் என் அம்மா வீட்டுக்கு வந்தோம். சுற்றிலும் நெல்லும் கரும்பும்தான். "தெரிஞ்ச படமா காட்டி பேர் கேளுங்கம்மா, பேச்சு வரலாம்" என்றார் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற பெண். ஒரு வார்த்தை, என்னைத் திட்டினால்கூடப் போதும் என்று இருந்தது எனக்கு. மீன் படத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சரி, கடல் பறவையைக் காட்டலாம் என்று பஸ் ஏறி டவுனில் புத்தகக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் இரண்டு புத்தகம் எடுத்துப் போட்டார். ஒன்றில் பளபளவென்று போட்டோக்கள். மணலில் நிற்கும் பறவையின் அலகு, கால், கண் எல்லாம் தெளிவு. இன்னொன்றில் வரைந்த படங்கள். பக்கத்துக்குப் பக்கம் விரித்த இறக்கையும் அடிவயிறும். "இன்னாங்க இது, மொகமே தெரியல" என்று அதைத் தள்ளிவிட்டேன். நான் வயல்காட்டுக்காரி. சேற்றில் நிற்கிற கொக்கு எது, நாரை எது என்று காலைப் பார்த்தே சொல்லிவிடுவேன். போட்டோ புத்தகத்தையே வாங்கினேன்.

பத்து நாள் காட்டினேன். எல்லாவற்றுக்கும் இல்லையென்று தலையாட்டினார். ஒருநாள் பொறுமை போய், "இதுகூடவா தெரியல? கடலுக்குத்தான் போனீங்களா, வேற எங்கனா போனீங்களா?" என்று கத்திவிட்டேன். பாவி நான், நோயாளி என்றுகூடப் பார்க்கவில்லை. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

அந்த வாரம் மீன் கொண்டுவந்த கொழுந்தனார் புத்தகத்தைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். "இன்னா அண்ணி, எல்லாம் நின்னுக்கினு இருக்குது? போட்ல போறவன் நிக்கற பறவைய எங்க பாத்தான்? தலைக்கு மேல சுத்தும். சுத்துனா கீழ மீன் கூட்டம் இருக்குன்னு அர்த்தம், ஒடனே வலய எறக்குவோம்."

மறுநாளே டவுனுக்கு ஓடினேன். கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வரைந்த பட புத்தகத்துக்கு மாற்றிக் கொடுத்தார்.

கட்டிலில் படுத்திருந்தவரின் முகத்துக்கு மேலே புத்தகத்தை விரித்துப் பிடித்தேன். நான்காவது பக்கத்தில் பிளந்த வாலோடு பறக்கும் கடல் பறவையைப் பார்த்ததும் அவர் இடக்கை எழுந்தது.

"ஆலா" என்றார்.

ஏழு மாதம் கழித்துக் கேட்ட குரல். படத்துக்குக் கீழேயும் அதே பேர்தான் போட்டிருந்தது. "ஆமாங்க, ஆலாதான்! இன்னொரு தரம் சொல்லுங்க" என்று அழுதேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"ஆலா... வல... வல எறக்கு" என்று எழப் பார்த்தார். வராத காலை இழுத்து இழுத்துப் பார்த்தார். தோளைப் பிடித்து அழுத்தியும் அடங்கவில்லை. மீன் போய்விடுமே என்கிற அவசரம் அவருக்கு.

"இங்க கடல் இல்லைங்க. இது மடுகரை" என்று நான்தான் சொன்னேன்.

தூக்கிய இடக்கை கட்டிலில் சரிந்தது. அதற்கப்புறம் எந்தப் பக்கத்தைக் காட்டினாலும் அவர் வாய் திறக்கவில்லை.