மகளுக்குச் சேராத என் ரத்தம்

என் மகள் பிறந்ததிலிருந்தே மஞ்சளாக இருந்தாள். ஈரலிலிருந்து பித்தம் வடியும் குழாய் அவளுக்கு அடைபட்டிருந்தது. காரைக்கால் டாக்டர் எங்களைச் சென்னைக்கு அனுப்பினார். ஈரலை மாற்றினால்தான் பிழைப்பாள் என்று அங்கே சொன்னார்கள். அப்போது அவளுக்கு ஒன்பது மாதம்.

என் கணவர் கருக்களாச்சேரியில் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். அவருக்கும் குழந்தைக்கும் ஒரே ரத்தம், ஓ குரூப். "நான் தர்றேன்" என்று முந்திக்கொண்டு சொன்னார். ஸ்கேனில் அவர் ஈரலில் கொழுப்பு படிந்திருந்தது, வேண்டாமென்றுவிட்டார்கள். ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து, "ரத்தம் சேந்து என்ன புள்ள பிரயோசனம்?" என்று அழுதார்.

எனக்கு பி குரூப். சேராது என்றே நினைத்திருந்தேன். டாக்டரம்மா என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "வேற குரூப்பை எதிர்க்கிற சக்தி பிறக்கும்போதே வர்றதில்லம்மா. கொஞ்சங்கொஞ்சமாத்தான் வரும். உங்க பொண்ணுக்கு இன்னும் ரொம்பக் கம்மி. உங்க ஈரல்ல ஒரு துண்டை இப்பவே வச்சா, அவ உடம்பு அதைத் தன்னோடதுன்னு எடுத்துக்கலாம். உறுதி சொல்ல மாட்டேன்."

"என்னுதை எடுத்துக்குங்க" என்றேன்.

அதே வார்டில் திருமலைராயன்பட்டினத்து அம்மா ஒருவர் ஏழு வயது மகளோடு இருந்தார். அவர்களுக்கும் ரத்தம் சேரவில்லை. அந்த வயதில் எதிர்ப்பு முற்றியிருக்கும் என்று, வேறு ஈரலுக்குக் காத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். எங்கள் ஆபரேஷனுக்கு முதல் நாள் அந்த அம்மா என் மகளைத் தூக்கி முத்தமிட்டார். "கைக்குழந்தையா இருக்கப்பவே வந்துட்டீங்க. நல்லபடியா ஆவும், துவா செய்யிறேன்" என்றார்.

ஆபரேஷன் முடிந்து தினமும் என் மகளின் ரத்தத்தை எடுத்து, எதிர்ப்பு ஏறுகிறதா என்று பார்த்தார்கள். ஏறவில்லை. நான் எழுந்து நடக்கத் தொடங்கிய பிறகு வார்டுக்குப் போனேன். அந்த ஏழு வயதுப் பெண்ணின் கட்டிலில் வேறு குழந்தை. "போன வாரமே தவறிடுச்சும்மா" என்றார் நர்ஸ்.

இரண்டு வருடம் கழித்து டாக்டரம்மா ரிப்போர்ட்டைக் காட்டினார். "மத்த ஓ குரூப் பிள்ளைங்க மாதிரியே ஏ குரூப்பை எதிர்க்க ஆரம்பிச்சுட்டா. உங்க பி-யை மட்டும் எதிர்க்கவே இல்ல." என் கணவர் அதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

அதற்குப் பிறகுதான் திருமலைராயன்பட்டினம் போக எனக்குத் துணிவு வந்தது. அந்த அம்மா கதவைத் திறந்ததும் என் மகளை அடையாளம் கண்டுகொண்டார். மடியில் உட்காரவைத்து வெகுநேரம் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மருந்தெல்லாம் வேளாவேளைக்குக் குடுக்குறீங்களா?" என்றார்.

"குடுக்குறேங்க" என்றேன்.