முரல் முட்டைகளும் ஓரியூர் மண்ணும்

செபஸ்தியம்மாள் அக்காவை நேற்றுப் பாம்பன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். கடலில் முங்கிப் பாசி எடுத்துப் பிழைத்தவர் அவர். பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொள்வார். அப்படியும் கைகளில் தழும்பு இல்லாத இடம் குறைவு.

2009 தொடக்கத்தில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வேலைக்கு வந்தார். கல்லூரி பாம்பனில் வாடகைக்கு எடுத்திருந்த இரண்டு அறைகள்தான் ஆய்வுக்கூடம். கடல்புல்லில் ஒட்டிக்கிடக்கும் முரல் மீன் முட்டைகளைக் கொண்டுவருவதும், கண்ணாடித் தட்டுகளில் தண்ணீர் மாற்றுவதும் அவர் வேலை. முட்டைக்குள் வளரும் கருவை மெல்லிய ஊசியால் குத்தி, அந்தக் காயம் எப்படி மூடுகிறது என்று நுண்ணோக்கியில் பார்ப்பது என் வேலை.

“பொறக்காத பிள்ளையக் குத்துறீகளே டீச்சர், பாவமில்லையா?”

“ஒரு மணி நேரத்துல தானா மூடிக்கும்க்கா. தழும்புகூட இருக்காது.”

“யாருகிட்டக் கதை விடுறீக? இந்தா, இது ஆற மூணு மாசம் ஆச்சு” என்று உள்ளங்கையை நீட்டினார்.

காயத்தின் ஓரத்துச் செல்கள் ஹைட்ரஜன் பெராக்சைடைத் துளியிலும் துளியாக உண்டாக்குகின்றன. அது சுற்றிலும் பரவி, அடிபட்ட சேதியைச் சொல்ல, உதவிக்கு வேறு செல்கள் வருகின்றன. வெளிநாட்டில் வேறொரு மீனின் குஞ்சில் அந்த வருஷம்தான் இதைக் கண்டிருந்தார்கள். நம் முரலுக்கும் இது உண்டா என்பது என் கேள்வி. “ஆஸ்பத்திரியில புண்ணுல ஊத்துனா நுரைக்குமே, அதே மருந்துதான்க்கா” என்றேன். “அம்புட்டுக்காணு உசுருக்குள்ள ஆஸ்பத்திரியா?” என்று சிரித்தார்.

ஆகஸ்டில் காயங்கள் மூட மறுத்தன. அந்தச் சேதியைத் தடுக்கும் மருந்தைச் சில தட்டுகளில் மட்டும் சேர்ப்பேன்; அது சேர்க்காத தட்டுகளில்கூடப் பல கருக்கள் திறந்த காயத்தோடு கிடந்தன. மூன்று வாரம் இப்படியே போயிற்று. எங்கள் பேராசிரியர் பூமிநாதன் சார் என் கையைச் சந்தேகித்தார்.

“உனக்கு ஊசி பிடிக்க வரலம்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா இந்த ஆய்வை வேற ஆளுக்குக் கொடுத்துருவேன்.”

அக்கா வாளியோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அவர் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். சார் வந்ததும் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். ஓரியூர் கோயிலிலிருந்து கொண்டுவந்த செம்மண்; வேதசாட்சி ஒருவரின் ரத்தம் பட்டுச் சிவந்ததாகச் சொல்வார்கள். ஆறாத புண்ணுக்கு அந்த மண்ணைக் குழைத்துப் பூசுவது இந்தப் பக்கத்து வழக்கம். என் ஊரில் விவசாயம் செய்யும் சம்சாரிகளும் பூசுவார்கள்.

“அந்தப் பிள்ளை கை மேல பழியப் போடாதீக சார். இதைக் கரைச்சுத் தெளிய வச்சு, தண்ணி மாத்தயில நாந்தேன் ரெண்டு ரெண்டு சொட்டு விட்டேன். சீக்கிரம் ஆறட்டுமேன்னு.”

“எல்லாத் தட்டுலயுமா?”

“இல்ல சார். ரொம்பப் பாவமாக் கிடந்ததுகளுக்கு மட்டும்.”

“எது பாவமாக் கிடக்குதுன்னு எப்படிப் பாத்தீங்க?”

“பாத்தாத் தெரியாதா சார்?”

சார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். மண்ணிலுள்ள இரும்பு பெராக்சைடைச் சிதைத்து, அந்தச் சேதியைப் போகவிடாமல் செய்திருக்கலாம் என்று பிறகு என்னிடம் சொன்னார். வேறு காரணமாகவும் இருக்கலாம், நாங்கள் சோதிக்கவில்லை. அக்காவிடம், “இனிமே தட்டைத் தொட வேணாம். முட்டையை வாசல்ல வச்சிட்டுப் போங்க” என்றார். வேலை போகவில்லை. அக்கா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

“அப்ப நான் விட்டதுனாலதான் ஆறாமப் போச்சா டீச்சர்?”

நான் பழைய தட்டுகளைக் கழுவி வைக்கப் போனேன். அதன்பின் இரண்டு நாள் வாளியை வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனார்.

வெள்ளிக்கிழமை புதுத் தட்டுகளில் முதல் காயம் மூடத் தொடங்கியதும், பழைய நுண்ணோக்கி ஒன்றில் இன்னொரு கருவை வைத்து வாசலுக்குத் தூக்கிவந்தேன். அதற்கு வெயில் வெளிச்சமே போதும். அக்கா படியில் உட்கார்ந்து, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்தார். முக்கால் மணி நேரம் நிமிரவில்லை.

“வட்டம் சிறுக்குது டீச்சர்.” கொஞ்ச நேரம் கழித்து, “இப்ப ஊசிக்காது அளவுதேன்.” அப்புறம், “எங்கன போச்சு?”

“அங்கனதான் இருக்கு. மூடிருச்சு.”

“ஒண்ணும் விடாமயா?”

“ஒண்ணும் விடாமத்தான்க்கா.”

இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். “அப்ப அதுவே கூப்பிட்டுக்கிருச்சு. நாந்தேன் நடுவுல போயி நின்னுருக்கேன்” என்றார். எழுந்து சேலையை உதறிவிட்டு, என் கன்னத்தை ஒரு தடவை தடவினார். பிறகு, வற்றிய கடல் ஏறுவதற்குள் இன்னும் நாலு கொத்துப் புல் கொண்டாறேன் என்று சொல்லிவிட்டுக் கடலுக்குப் போனார்.