இல்லாத முள்

எனக்கு வயது எழுபத்து மூன்று. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு நான் பெற்றது, ஒன்று என் தங்கை விட்டுவிட்டுப் போனது. ஐந்தும் பிழைத்துக்கொண்டன. நான் படித்தது இரண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி எழுதுவேன். இதை எழுத ஒரு மாதம் ஆயிற்று. ஆகட்டும், இனி நான் எங்கும் ஓடப் போவதில்லை.

எங்கள் ஊர் திருமயத்துக்குப் பக்கம். பங்குனியில் மாரியம்மனுக்குப் பூக்குழி இறங்குவோம். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் இறங்கினேன், பிரசவமும் சாவும் தடுத்த வருடங்கள் தவிர. ஒரு தடவைகூடக் காலில் கொப்புளம் கண்டதில்லை. அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு. விரதம் குறைந்தவர்களைத்தான் நெருப்பு சுடும் என்பது ஊர்ப் பேச்சு. ஒரு வருடம் கீழத்தெருப் பெண் ஒருத்திக்குக் கால் வெந்துபோனது. "காப்பக் கட்டிக்கிட்டு என்ன பண்ணுனாளோ" என்று குழாயடியில் சொன்னது நான்தான். அதன் பிறகு அவள் குழி இறங்கவில்லை.

எனக்குச் சர்க்கரை வந்து நெடுநாள். மாத்திரை போடுவேன், மறந்தும் போவேன். கடைசியாக இறங்கிய வருடம் கங்கில் கால் வைத்தபோது சூடே தெரியவில்லை. ஈர மணலில் நடப்பது போல இருந்தது. ஆத்தா எனக்கு இவ்வளவு இரங்கிவிட்டாளே என்று அழுதுகொண்டு பால்குழியில் கால் நனைத்தேன். வீட்டுக்கு வந்து கழுவும்போது, வலது பெருவிரலுக்குக் கீழே தோல் வெள்ளையாகக் கழன்று கையோடு வந்தது. அப்போதும் வலியில்லை. பாதத்தின் உணர்ச்சியைச் சர்க்கரை தின்றுவிட்டது என்று பின்னால் டாக்டர் சொல்லித்தான் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இதை யாரும் பார்க்கக் கூடாது.

மஞ்சளை அப்பித் துணி சுற்றிக்கொண்டேன். ஒரு மாதம் போன பிறகு மூத்த மருமகள் வாடையைக் கண்டுபிடித்து, காலைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

"அய்யோ அத்தை, எப்பிடி ஆச்சு?"

"கருவேல முள்ளு. ஆடு மேய்க்கப் போனப்ப குத்திருச்சு."

புதுக்கோட்டையில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். அங்கே சர்க்கரைப் புண்ணுக்கு ஒரு புதுக் களிம்பைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சீக்கிரம் ஆறுகிறதா, தழும்பு தடிக்காமல் இருக்கிறதா என்று பார்ப்பதாம். பாதிப் பேருக்குப் புதியது, பாதிப் பேருக்கு வழக்கமானது. யாருக்கு எது என்று கொடுக்கிறவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. தீப்புண் மட்டும் சேர்த்தி இல்லை, அதற்கு வைத்தியமே வேறு என்றார் டாக்டரம்மா. சின்ன வயதுதான்.

"நெருப்பு, சுடுதண்ணி எதுவும் பட்டுச்சா பாட்டி?"

"இல்லம்மா. முள்ளுதான்."

நர்ஸ் காகிதத்தை வரி வரியாகப் படித்துக் காட்டிவிட்டு மைப்பெட்டியை நீட்டினாள். "அத அங்கிட்டு வைங்க, நான் எழுதுவேன்" என்றேன். முள் என்று எழுதிய தாளின் அடியில், நிறுத்தி நிதானமாக என் பெயரை எழுதினேன்.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை போக வேண்டும். கண்ணாடித் தாளைப் புண்மேல் வைத்துப் பேனாவால் விளிம்பை வரைவார்கள். கோடு வரவர உள்ளே சுருங்கினால் ஆறுகிறது என்று அர்த்தம். பெஞ்சில் என் பக்கத்தில் உட்காரும் கொத்தனாருக்கும் காலில் புண்தான். அவர் கோடு சுருங்கிக்கொண்டே வந்தது.

"என்னாத்தா, ஒங்க கோடு மட்டும் வெளிய வெளிய போகுது? பக்கத்து மனையையும் சேத்து அளக்குறாங்களா?"

"போடா கிறுக்குப் பயலே" என்றேன். சிரித்தேன்கூட.

பிறகு புண்ணில் குழி விழுந்தது. முள் நுனி உள்ளே ஒடிந்து கிடக்கும், எக்ஸ்ரே படத்தில் முள் சரியாகத் தெரியாது, கீறித்தான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. நான் படுத்துக்கொண்டேன். விளக்கை இழுத்து வைத்து, குனிந்து தேடினார். எனக்கு வலிக்கவில்லை, தேடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நெற்றி வேர்வையை நர்ஸ் இரண்டு தடவை துடைத்துவிட்டாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

"மன்னிச்சுக்கங்க பாட்டி. கெடைக்கல" என்றார் கடைசியில்.

"பரவாயில்லம்மா" என்றேன். நான் அவரை மன்னித்தேன்!

அடுத்த முறை போகும்போது பெருவிரல் கறுத்திருந்தது. டாக்டரம்மா பார்த்து எழுதிக்கொண்டு, மறுவாரமே வரச் சொன்னார். மறுவாரம் போனால், கொத்தனார் களிம்பு இல்லாமல் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார். களிம்பால் யாருக்கோ விரல் அழுகுகிறதாம், பெரிய டாக்டர்கள் பார்த்துச் சொல்லும் வரைக்கும் எல்லாருக்கும் நிறுத்திவிட்டார்களாம். "நல்லா ஆறிக்கிட்டு வந்துச்சாத்தா. எந்த மகராசிக்கு அழுகுச்சோ" என்றார். அன்று அவர் கேலி பேசவில்லை.

உள்ளே போனேன். மருமகள் பக்கத்தில் நின்றாள்.

"அம்மா, முள்ளு இல்ல. பூக்குழி. அதுல எறங்குனப்ப வெந்துருச்சு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

"அன்னைக்கே சொல்லியிருந்தா இந்த ஆராய்ச்சியிலயே ஒங்களச் சேத்துருக்க மாட்டேனே பாட்டி. அந்த எடத்தக் கீறியே இருக்க மாட்டேன்."

முதலில் இரண்டு விரல் போனது. பிறகு பாதி பாதம். கொத்தனாருக்குக் களிம்பு திரும்பக் கிடைத்தது. ஆனால் நடுவில் நின்ற நாட்களில் அவர் புண் மறுபடி வாய் திறந்துவிட்டது என்று நர்ஸ் சொன்னாள். பிறகு எப்படி இருக்கிறார் என்று கேட்க எனக்கு முகமில்லை.

மருமகள் சொன்னது இவ்வளவுதான்: "அந்த முள்ளுக்குப் பயந்து, செருப்பில்லாமக் காட்டுப் பக்கம் போனா காலை ஒடிப்பேன்னு பிள்ளைகள அடிச்சேனே அத்தை." ஊரில் அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதனால் பார்க்க வருகிறவர்கள், எந்தப் பாவி வெட்டிப் போட்ட முள்ளோ என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போகிறார்கள். அன்று கால் வெந்த கீழத்தெருக்காரியும் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்தாள். அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

இன்றைக்கு மகளிர் குழுக் கூட்டம். எங்கள் வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், கீழத்தெருக்காரியும் இருக்கிறாள். எழுந்து போய்ச் சொல்லக் கால் இல்லை. கால் இருந்தாலும் வாய் வராது. பேத்தியைக் கூப்பிடுகிறேன்.

தாயி, இங்கிட்டு வா. அப்பத்தா எழுதுனதப் படிச்சுக் காட்டு. கதவச் சாத்தாத, தெறந்தே கெடக்கட்டும். சத்தமாப் படி.