வெண்கலம் தேடிய உத்தியோகம்

பழம்பொருள் சேகரிப்பவன் வேலை, ஊரார் குப்பை என்பதைச் சர்க்காருக்காகக் கெஞ்சி வாங்குவது. தறிக்கார வீட்டில் முதலில் பி.ஏ. தேறியவன் நான், கிடைத்ததோ தற்காலிக வேலை. அப்படி வேலை பார்த்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும். இரும்பு வருமுன் மனிதன் வெண்கலத்தால் ஆயுதம் செய்த காலம் சேலம் ஜில்லாவிலும் இருந்ததாக எங்கள் காட்சிசாலை அதிகாரிக்குத் திடநம்பிக்கை. அதற்கு அத்தாட்சி கொண்டுவந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மல்லசமுத்திரத்துக் கிண்ணம்

கல்வட்டத்துக்குள் இருந்த பழைய சவக்குழி ஒன்றில், உழும்போது வெண்கலக் கிண்ணம் கிடைத்ததாகக் கேள்விப்பட்டு, பெட்ரோல் பஞ்சத்தில் கரியை எரித்து ஓடிய கரிவாயு பஸ்ஸில் ஓடினேன். முதல் நாளே அதைச் சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பாத்திரக் கடையில் பழைய விலைக்குப் போட்டுவிட்டிருந்தார், நிலத்தை உழுத காட்டுக்காரர். ஆயிரக்கணக்கான வருஷம் பழசாயிற்றே என்று பதறினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏனுங்க, பொணத்தோட வெச்சதை உங்க ஊட்டுல வெச்சுச் சோறு திம்பீங்களா? உருக்கினாத்தானுங்க தீட்டுப் போகும்!”

செவ்வாய்ப்பேட்டையில்

அன்றைக்கே பாத்திரக் கடைக்குப் போனேன். யுத்த காலம், பழைய வெண்கலம் வந்த சூட்டோடு உருக்கும் மூசைக்குப் போய்விடும். இப்படி அழிக்கலாமா என்று நான் சத்தம் போட, கடைக்காரர் நிதானமாக ஒரு சொம்பை எடுத்து என் கையில் வைத்தார்.

“அந்தக் கிண்ணம் இதுலதான் இருக்கு சாமி. பழசு எதுக்கு? பளபளன்னு இதையே கொண்டுபோய்க் காட்டுங்க!”

அதிகாரியின் அறை

விடவில்லை. அதே காட்டில் அடுத்த குழியைத் தோண்டும்போது கூடவே நின்றேன். இன்னொரு கிண்ணம் கிடைத்தது. ஆனால் அதற்குள்ளேயே துருவேறிய இரும்புக் கத்தி! அப்படியானால் புதைத்தவர்களுக்கு இரும்பும் தெரியும். இரண்டும் சேர்ந்து கிடந்ததாக எழுதிக் கொடுத்தேன்.

அதிகாரி கத்தியை மட்டும் தனியே எடுத்து மேஜை ஓரத்தில் வைத்தார். “கிண்ணம் மட்டும் கிடைத்ததாக மாற்றி எழுதும். நாளைக்கே உமக்கு உத்தரவு.” சம்பளத்தை நம்பி அப்பா தறியை விற்றிருந்தார். ஆனாலும் கண்ணால் கண்டதை எப்படி மாற்றுவது? முடியாது என்றேன்.

“கிண்ணம் இருக்கட்டும். கத்தியையும் உம்மையும் நான் கேட்கவில்லை.”

‘வெண்கலக் காலம்’ என்ற சீட்டோடு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்துவிட்டது கிண்ணம். எங்கள் இலாகாவில் அந்த வருஷம் வேலை நிரந்தரமானது அதற்கு மட்டும்தான்.