தொப்பிக்குள் குடியேறிய கிறிஸ்தோபர்

ஆக்ஸ்பர்க் நகரத்தார் அழுக்கையெல்லாம் வெளுத்துப் பிழைத்த ஆப்ராவுக்கு ஒரே பயம்தான்: புருஷன் லீன்ஹார்டை லெக் ஆறு கொண்டுபோய்விடுமோ என்று. கட்டைத் தெப்பம் ஓட்டுகிறவன் அவன். நீந்தத் தெரியாது, வாயடிக்க மட்டும் நன்றாகத் தெரியும்.

புனித கிறிஸ்தோபர் முகத்தைப் பார்த்தவருக்கு அன்றைக்குத் துர்மரணம் கிடையாது. ஊருக்கே தெரிந்த விஷயம். ஆனால் அவர் இருந்தது கோயில் சுவரில். தெப்பக்காரன் கிளம்பும் நேரத்துக்குக் கோயிலை யார் திறப்பார்கள்? ஓவியரை வைத்து வீட்டில் எழுதிக்கொள்ள ஆப்ரா என்ன பட்டு வியாபாரி பெண்டாட்டியா? அப்போதுதான் மரக்கட்டையில் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றிய படங்கள் சந்தைக்கு வந்தன. இரண்டு ரொட்டி விலைக்கு, குழந்தை யேசுவைத் தோளில் சுமந்தபடி கிறிஸ்தோபரே வீடு வந்து சேர்ந்தார். மூக்கு கொஞ்சம் கோணல். சிவப்புச் சாயம் அங்கியைத் தாண்டிக் காதுவரை ஏறியிருந்தது. இருந்தால் என்ன, சாமி சாமிதானே!

கதவில் ஒட்டினாள். லீன்ஹார்ட் கண்ணை இறுக மூடிக்கொண்டு வாசலைத் தாண்டினான்.

"இந்த மூக்கப் பாத்தா ஆறே பயந்து ஓடிரும்டி!"

அவளா விடுகிறவள்? படத்தை உரித்து, மாவுப் பசை தடவி, அவன் தொப்பிக்குள் ஒட்டிவிட்டாள்.

"தொப்பியக் கழட்டித்தானே ஆகணும்? அப்பப் பாருங்க."

அன்றைக்கென்று மழை. சாயம் கரைந்து அவன் வழுக்கையில் வழிந்தது.

"என்னப்பா, மண்டை உடைஞ்சிருச்சா?" என்றான் தெப்பத்துக் கூட்டாளி.

"இல்லடா, பொண்டாட்டியோட பக்தி வழியுது."

சொல்லி முடிப்பதற்குள் காற்று தொப்பியைப் பறித்தது. எட்டிப் பிடிக்கப் போனவன் ஆற்றில் விழுந்தான். கூட்டாளிகள் கொக்கிக் கழியால் இழுத்துப் போட்டார்கள்.

"பாத்தீங்களா, காப்பாத்திட்டாரு!" என்றாள் ஆப்ரா, ஈரத்தைத் துவட்டியபடி.

"தள்ளிவிட்டதே அவருதாண்டி!"

சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. "நீங்க போயிட்டா நான் யாரோடங்க சண்டை போடுவேன்?"



மறுநாள் அவளுடைய துணிக்கூடைக்குள் புதுக் கிறிஸ்தோபர் ஒட்டியிருந்தார். ஒரே கட்டைதான் போல, அதே கோணல் மூக்கு.

"எனக்கு எதுக்குங்க?"

"நீயும் தினம் அந்த ஆத்துலதானே நிக்கற? பனியில வழுக்கினா யாரு பிடிப்பா?"

தன் உயிரைப் பற்றி ஆப்ரா ஒரு நாளும் நினைத்ததில்லை. ஆனாலும் அவனுக்குப் பாடம் கற்பிக்காமல் விடுவாளா? கண்ணை இறுக மூடிக்கொண்டு கூடையைத் தூக்கினாள்.

"வெளையாடாதடி," லீன்ஹார்ட் கூடையைப் பிடித்து நிறுத்தினான். "கண்ணத் தொற. பாத்துட்டுப் போ."