ராஞ்சி நாகேஸ்வரனின் பத்து நாள்

நாற்பத்தொன்றாவது வயதில், திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பஸ் ஏறக் காலைத் தூக்கியபோது அப்படியே சரிந்து விழுந்தார் சேஷன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது பேச்சு வந்துவிட்டது, நடை பாதி வந்தது, இடது கை வரவேயில்லை. ஆபீசிலிருந்து விடுவித்துவிட்டார்கள். மனைவி சாவித்ரி பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். அவள் காலையில் சமையலை மூடி வைத்துவிட்டுப் போனால், ஸ்ரீவராகம் வீட்டில் சாயங்காலம் ஐந்தரை வரை அவரும் சீலிங் ஃபேனும்தான்.

சீட்டாட்டத்தில் சேஷன் பெரிய கை. இருபத்தெட்டு என்கிற ஆட்டம். நாலு பேர், எதிரெதிரே இருவர் ஒரு கட்சி, துருப்பு எது என்பதை ஏலத்தில் ஜெயித்தவன் கவிழ்த்து வைத்துக்கொள்வான். விழுந்த பிறகும் தெருக்காரர்கள் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். சீட்டைச் செருகி நிறுத்த மரச்சட்டம் ஒன்று செய்துகூடக் கொடுத்தார்கள். ஒருநாள் எதிராளி கையில் எல்லாவற்றுக்கும் பெரிய சீட்டான ஜாக்கியை வைத்துக்கொண்டே அவருக்காகப் பிடியை விட்டுக்கொடுத்ததைப் பார்த்துவிட்டார். அதற்கப்புறம் போகவில்லை.

மஸ்கட்டில் வேலை பார்க்கும் வெங்கடகிருஷ்ணன் இரண்டாயிரத்து மூன்றில் கம்ப்யூட்டரில் ஓர் இருபத்தெட்டு மேடை அமைத்தான். திருவனந்தபுரத்து அக்ரகாரங்களை விட்டுப் போனவர்கள் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் வந்து ஆடலாம். பக்கத்திலேயே அரட்டைப் பலகை. இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்து வம்பு வளர்க்கலாம். அங்கே சீட்டைப் பிடிக்க ஒரு கை போதும். சேஷனுக்கு என்ன ஆயிற்று என்று அங்கே யாருக்கும் தெரியாது. தோற்றால் திட்டினார்கள், ஜெயித்தால் பொறாமைப்பட்டார்கள். அவருக்கு அது போதுமாயிருந்தது.

இரண்டே வருஷத்தில் மேடை காலியானது. நாலு பேர் சேர முக்கால் மணி நேரம் காத்திருந்து, மூன்று பேரோடு கலைந்து போகிற நாட்கள் வந்தன. பலகையில் வாரத்துக்கு ஒரு வரி, அதுவும் சேஷன் எழுதியது. இரண்டாயிரத்து ஐந்து ஆவணியில் வெங்கடகிருஷ்ணன் எழுதினான்: "சேஷண்ணா, ஆளில்லாத கடைக்கு நான் மட்டும் விளக்கேத்திண்டிருக்கேன். மகர மாசம் தாண்டினா மூடிடலாம்னு இருக்கேன், கேட்டேளா."

அன்றைக்கே சேஷன் நாகேஸ்வரனை உண்டாக்கினார்.

ராஞ்சியில் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, குழந்தை இல்லை, வாய் மட்டும் உண்டு. ஆனால் அந்தப் பலகையில் பேர் மட்டும் சொன்னால் ஆகாது. புதிதாக யார் வந்தாலும் எந்தத் தெரு, என்ன கோத்ரம், யாருடைய பேரன் என்று சொல்லியாக வேண்டும். சொன்ன அரை மணியில் யாராவது உறவு கண்டுபிடித்துவிடுவார்கள். சேஷன் தெருவிலுள்ள பஜனை மடத்துச் சுவரில் தானம் கொடுத்த குடும்பங்களின் பேரைக் கல்லில் பொறித்திருந்தார்கள். அதில் அறுபது வருஷத்துக்கு முன் வடக்கே போய் மறைந்துபோன ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டார். அவர்கள் கோத்ரம் ஸ்ரீவத்ஸம், கொள்ளுத்தாத்தா முத்துசுப்பய்யர். யாரும் சந்தேகப்படக்கூடாதென்று எல்லாவற்றையும் துல்லியமாக எழுதினார்.

நாகேஸ்வரன் ஆடுவதில்லை, லைன் சரியில்லை என்பார். பேச்சுதான். "துருப்பைக் குப்புறக் கவுத்துட்டு மூஞ்சியிலே அதைக் காட்டற ஊர் உங்க ஊர். ராஞ்சியிலே எங்காத்து வேலைக்காரி உங்களைவிட நன்னா ஏலம் கேப்பா" என்று முதல் நாளே எழுதினார். மறுநாள் துபாயிலிருந்து ஒருவர் கொதித்துக்கொண்டு வந்தார். மூன்றாம் நாள் பம்பாயிலிருந்து இரண்டு பேர். ராஞ்சிக்காரனுக்குப் பதில் சொல்ல வந்தவர்கள், வந்ததற்கு ஒரு கை ஆடிவிட்டுப் போனார்கள். ஐப்பசிக்குள் தினமும் இரண்டு மேசை ஓடியது. சேஷன் சாயங்காலம் சாவித்ரியிடம் தன் ஆட்டத்தைப் பற்றிச் சிரித்துப் பேசினார். அவள் ரொம்ப நாளைக்கப்புறம் அந்தச் சிரிப்பைக் கேட்டாள்.

கரமனையில் இருக்கும் ஹரிஹரன் அப்போதுதான் நாகேஸ்வரனுக்கு மேடை வழியாகத் தனிக் கடிதம் எழுத ஆரம்பித்தார். அவருக்கும் முத்துசுப்பய்யர்தான் கொள்ளுத்தாத்தா. "எங்க வம்சத்துலே நான் ஒருத்தன்தான் மிச்சம்னு நெனச்சிண்டிருந்தேன். உங்களைப் பாத்ததுலே எனக்கு எப்படி இருக்குன்னு சொல்லத் தெரியலை" என்று எழுதியிருந்தார். சேஷன் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பதில் எழுதினார். ராஞ்சிக் குளிரைப் பற்றி, தனியாகச் சமைத்துச் சாப்பிடுவதைப் பற்றி, வாசலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் பட்டாணி உரிப்பதைப் பற்றி எழுதினார். வாரத்துக்கு இரண்டு கடிதம் போய் வந்தது.

மார்கழியில் ஹரிஹரனின் மகள் ஜானவிக்குக் கல்யாணம் நிச்சயமானது. தை இருபது. பையன் அமெரிக்காவிலிருந்து மூன்று வார லீவில் வருகிறான். "பொண்ணுக்குச் சித்தப்பான்னு நிக்க நீங்க வந்தே ஆகணும்" என்று எழுதினார் ஹரிஹரன். நாகேஸ்வரன் முட்டுவலி என்றார். டிக்கெட் கிடைக்கவில்லை என்றார். "சாரமில்லை, கவலைப்படாதேங்கோ. என் மச்சினன் பையன் தன்பாத்லே இருக்கான். காரை எடுத்துண்டு வந்து உங்களைக் கையோடே கூட்டிண்டு வருவான். விலாசம் மட்டும் குடுங்கோ" என்று பதில் வந்தது. இரண்டு நாள் கழித்து, "பையன் கிளம்பிட்டான். விலாசம்?" என்று இன்னொன்று.

தை பதினாலாம் தேதி காலை, ராஞ்சிப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் பேரில் சேஷன் பலகையில் எழுதினார்: நாகேஸ்வரன் நேற்று மாரடைப்பில் காலமானார், தகனம் முடிந்தது.

சாயங்காலத்துக்குள் அறுபத்திமூன்று பேர் அனுதாபம் எழுதினார்கள். வருஷக்கணக்காக எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் வந்தார்கள். துக்கம் விசாரித்த கையோடு உட்கார்ந்தும் விட்டார்கள். அன்றைக்கு ஏழு மேசை ஓடியது. "மேடையை மூடற பேச்சே இனி இல்லை" என்று வெங்கடகிருஷ்ணன் எழுதினான்.

மறுநாள் காலை ஹரிஹரன் பலகையில் எழுதியிருந்தார். "ஏழு தலைமுறைக்குள் பங்காளி. எனக்குப் பத்து நாள் தீட்டு. கல்யாணத்துக்கு முன் செய்கிற நாந்திச் சடங்கு ஆகியிருந்தால் நடத்தலாம், ஆகவில்லை. இருபதாம் தேதிக் கல்யாணம் தள்ளிப் போகிறது. எல்லோரும் மன்னிக்கணும்."

இல்லாத ஆள் செத்தாலும் தீட்டு உண்டென்று சேஷனுக்குத் தோன்றவேயில்லை. கொள்ளுத்தாத்தா பேரைச் சொல்லாமல் மழுப்பியிருந்தால்கூட தூரத்துத் தாயாதி என்று மூன்று நாளோடு போயிருக்கும். உடனே கரமனைக்குப் போன் செய்ய வேண்டும் என்று ரிசீவரை எடுத்தார். வைத்தார். சொன்னால் மேடை போய்விடும். அதைவிட, தன் கையைப் பார்த்துவிட்டால் யாரும் தன்னைத் திட்டக்கூட மாட்டார்கள். மத்தியானம் பம்பாய்க்காரன் ஆட்டத்துக்குக் கூப்பிட்டான். உட்கார்ந்தார்.

இரண்டு நாள் கழித்து ராத்திரிச் சாப்பாட்டில் சேஷன் தட்டை நகர்த்தி வைத்தபோது, என்ன விஷயம் என்று சாவித்ரி கேட்டாள். சொல்லிவிட்டார். அவள் கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"இல்லாதவரைக் கொன்னேளா?"

"வேற வழி தெரியலைடீ."

"தீட்டு காக்கறார்னு உங்களுக்கு எப்போ தெரியும்?"

"முந்தாநாள் கார்த்தாலே."

"முந்தாநாள்லேர்ந்து என்ன பண்ணிண்டிருந்தேள்?"

சேஷன் சுவரைப் பார்த்தார். "ஆடிண்டிருந்தேன்."

"நன்னாருக்கு" என்றாள் சாவித்ரி. "நாளைக்கு லீவு போடறேன். நீங்களே உங்க வாயாலே சொல்லணும். நான் வாசல் வரைக்கும் வருவேன், அதுக்கு மேலே வரமாட்டேன்."

ஆட்டோவில் கரமனை போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. வாசலில் பந்தல்கால் நட்ட குழிகளை மண் போட்டு மூடியிருந்தார்கள். ஹரிஹரன் நாலு நாள் தாடியோடு, ஈர வேஷ்டியோடு வந்தார். அவர் இடுப்பில் எள் ஒட்டியிருந்தது. "உள்ளே வராதேங்கோ, தீட்டு. யாரு, தெரியலையே?" என்றார்.

"ஸ்ரீவராகத்துச் சேஷன். மேடையிலே…"

"அடடா, நீங்களா! இப்படி இருக்கேள்னு தெரியாதே." அவர் கண் தொங்குகிற கையில் நின்று திரும்பியது. "எங்க நாகேஸ்வரனுக்காக இத்தனை தூரம் வந்தேளே."

சேஷன் சொன்னார். நாக்கு இரண்டு இடத்தில் புரண்டது, திரும்பச் சொன்னார். முடிந்த பிறகு ஹரிஹரன் படியில் உட்கார்ந்தார்.

"கார்த்தாலேதான் தர்ப்பணம் பண்ணினேன்" என்றார். "நாலு நாளா பண்றேன்."

"பிள்ளை ஆத்துக்காராகிட்ட நானே வந்து சொல்றேன். கால்லே விழறேன். இருபதுக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கே."

"நேத்து சாயந்தரம் போன் வந்துது. லீவு முடியறதுக்குள்ளே கல்யாணம் ஆகணுமாம். சாவு விழுந்த சம்பந்தம் வேண்டாம்னு அவா அம்மா சொல்லிட்டாளாம். கோட்டயத்துலே ஒரு பொண்ணை நிச்சயம் பண்ணிட்டா." ஹரிஹரன் நிமிர்ந்தார். "நேத்துக் கார்த்தாலே வந்திருக்கப்படாதோ, சேஷன்?"

நேற்றுக் காலையில் அவர் ஆடிக்கொண்டிருந்தார்.

"நடந்ததைப் பலகையிலே எழுதிடறேன். எல்லாருக்கும் தெரியட்டும்."

"எழுதப்படாது!" முதல் தடவையாகக் குரல் உயர்ந்தது. "பங்காளி செத்துக் கல்யாணம் நின்னதுன்னா நாளைக்கு வேற ஒருத்தன் வருவான். பொறக்காத ஆள் செத்து நின்னதுன்னா ஊரே சிரிக்கும். என் பொண்ணு அதையும் சுமக்கணுமா? நாகேஸ்வரன் செத்துட்டார். செத்தவராவே இருக்கட்டும். பத்தையும் நான் முடிச்சுடறேன். போங்கோ."

கேட் வரை வந்தபோது பின்னால் ஒரு குரல் கேட்டது. ஜானவி நின்றுகொண்டிருந்தாள். "அப்பாக்கு வந்த கடுதாசெல்லாம் நீங்க எழுதினதா?"

"ஆமாம்மா."

"அப்பா எனக்கு வாசிச்சுக் காட்டுவா. நன்னா எழுதியிருந்தேள்" என்றாள். சாவித்ரிதான் அவரை ஆட்டோவில் ஏற்றினாள்.

தை இருபத்திரண்டோடு தீட்டு முடிந்தது. மேடையில் அன்றைக்குப் பத்து மேசை. நாகேஸ்வரன் பேரில் ஒரு போட்டி வைக்கலாம் என்று துபாய்க்காரர் எழுத, எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஹரிஹரன் பேர் பட்டியலில் இல்லை. அப்புறம் வரவுமில்லை.

சேஷன் இரண்டு நாள் போகாமலிருந்தார். மூன்றாம் நாள் சாவித்ரி வேலைக்குப் போன பிறகு திறந்து பார்த்தார். "சேஷண்ணா, ஒரு கை குறையறது, வாங்கோ" என்று பம்பாய்க்காரன் கூப்பிட்டிருந்தான். உட்கார்ந்து ஏலம் கேட்டால், எதிரே இருப்பவர்கள் நாகேஸ்வரனைப் பற்றி ஏதாவது சொல்வார்கள். தானும் ஏதாவது சொல்ல வேண்டும். ஆட்டத்தில் சேர அழுத்தும் பொத்தான் பத்து விரற்கடை தூரத்தில் இருந்தது. பார்த்துக்கொண்டேயிருந்தார்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. யாரோ புதிய ஆள், பெங்களூர்க்காரர், காலி இடத்தில் வந்து உட்கார்ந்தார். எந்தத் தெரு, யாருடைய பேரன் என்று மூன்று பேரும் அவரை விசாரிக்க ஆரம்பித்தார்கள். சீட்டு விழுந்தது.