கோணலாக ஒட்டும் வெங்கடசாமி

நாலு தேய்ப்பு, ஒரு ஊதல், ஒரு தடவல். விமானத்தின் கண்ணாடி மூடியைச் சுற்றி ஓடும் ஃபைபர் பட்டையை வெங்கடசாமி உப்புத்தாளால் தேய்க்கிறார். தடவும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வார். “கண்ணத் தொறந்தா எல்லாம் நல்லா இருக்குற மாதிரியே தெரியுது சார்” என்பார், வேடிக்கை பார்க்க வந்து உட்காரும் என்னிடம்.

அருப்புக்கோட்டையில் தறி ஓட்டிய குடும்பம். இவர் மட்டும் மினி பஸ்களின் உடைந்த ஃபைபர் முகப்புகளை ஒட்டப் போய்விட்டார். பாலவனத்தம் போகிற வழியில் தகரக் கொட்டகை. முன்பாதியில் பிழைப்பு. பின்பாதியில், அவரே கட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பேர் விமானம். “அண்ணாச்சி, திருச்சுழில எறக்கி விடுவீகளா?” என்று டிரைவர்கள் சீண்டுவார்கள். கோபமே வராது. “எறங்குறது தானா நடந்துரும்லே. ஏறத்தான் வழி பாத்துக்கிட்டிருக்கேன்.”

மூடி வேலை ஒன்றுதான் பாக்கி. முதலில் வந்த மூடி லாரியிலேயே விரிசல் விட்டுவிட்டது. இது இரண்டாவது. “இதுவும் போச்சுன்னா தகரத்தத்தான் மாட்டணும்” என்று சிரிக்கிறார். சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. மூன்றாவது வாங்க அவரால் ஆகாது.

மூடியைச் சுற்றிய வளைவில் பட்டைக்கான ஃபைபர் துணி படிய வேண்டுமானால் இழை கோணலாக ஓட வேண்டும். நேராக ஒட்டினால் சுருங்கி எழும்பும், அடியில் காற்று தங்கும், பறக்கிற ஆட்டத்தில் மூடி அங்கிருந்துதான் விரிசல் விடும். இது வெங்கடசாமிக்குத் தெரியும். அவர் மனைவி லிங்கம்மாளுக்குத் தெரிந்தது தறி. கோணல் இழையைக் கண்டால் அந்த அம்மாவுக்குக் கை சும்மா இருக்காது. கல்யாணப் பந்தியில் முன்பின் தெரியாதவர் முந்தானையைக்கூட இழுத்து நேராக்கிவிடுவார்.

போன வாரம் பசையில் நனைத்த துணியை அழகாகக் கோணலாகப் படியவைத்துவிட்டு, வெங்கடசாமி டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தால் துணி இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி நேராக இருக்கிறது. பக்கத்தில் பெருமையோடு லிங்கம்மாள். “ஊடை நூலு கோணிக் கெடந்துச்சு. நேராக்கி விட்டுட்டேன்.” நம்மூர் வெயிலில் பசை அதற்குள் இறுகிவிட்டது. வெங்கடசாமி துணியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு” என்றார். என் வீட்டில் என்றால் அன்றைக்கு ஊரே கூடியிருக்கும். அந்தப் பொறுமை எனக்குப் பிடித்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

ஆக, இப்போது தேய்த்து எடுப்பது அந்த நேர்த்தியைத்தான். மெஷின் போட்டால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் கை வழுக்கினால் மூடியில் கீறல் விழும் என்று கையாலேயே தேய்க்கிறார்.

மத்தியானத்துக்குள் பழைய துணி முழுக்கப் போய்விட்டது. புதுத் துணியை ஒட்ட இரண்டு ஆள் வேண்டும். என்னைக் கூப்பிடுவார் என்று சட்டைக் கையை மடித்தேன். அவர் வாசலைப் பார்த்து, “லிங்கம்மா, வந்து இந்த ஓரத்தப் பிடி” என்றார்.

“கோணலாவா?”

“கோணலாத்தான்.”

பிடித்தார். பசை ஏறிய துணியில் இழைகள் சாய்ந்து ஓடின. லிங்கம்மாளின் உதடு இறுகியது. சுண்டுவிரல் மெதுவாக ஓரத்தை நேராக்க நகர்ந்தது. வெங்கடசாமியின் இரண்டு கையிலும் பிசுபிசுவென்று பசை. முழங்கையைத் தூக்கி, மனைவியின் கன்னத்தில் வைத்து, அவர் முகத்தை மெல்ல ரோட்டுப் பக்கம் திருப்பிவிட்டார்.